நம்ம வெயில்ல போன்சாய்: மொட்டை மாடியில மரம் வளர்க்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மதுரையில ஒரு சாதாரண மொட்டை மாடியில பதினோரு வருஷமா குட்டி மரங்கள் வளர்த்துட்டு வரேன், வீட்டுக்கு வர்றவங்க, தெருவுல பாக்குறவங்க, சொந்தக்காரங்க எல்லாரும் மாத்தி மாத்தி கேக்குற கேள்விகளை இங்க சேர்த்து வச்சிருக்கேன். கோயம்புத்தூர் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி அதிகம், சென்னையில கடல் காத்து ஈரம் அதிகம், அதனால நாள் கணக்கு உங்க ஊருக்கு தகுந்த மாதிரி கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.

போன்சாய்னா அது தனி ரகமா? குட்டி விதை எங்க கிடைக்கும்?

தனி ரகமெல்லாம் இல்லைங்க. போன்சாய் விதைன்னு பாக்கெட்ல போட்டு ஆன்லைன்ல விக்கிறது எல்லாம் சாதாரண மர விதைதான். ஜப்பான் மொழியில "போன்"னா ஆழம் கம்மியான தட்டு, "சாய்"னா நடுறது, அவ்ளோதான் அர்த்தம், அந்தக் கலையும் சீனாவுல இருந்து அங்க போனதுதான். என் மாடியில ரெண்டு அடி உயரத்துல இருக்குற புளிய மரத்தை நாளைக்கு தரையில நட்டா அது ரோட்டோரப் புளி மாதிரியே வளரும். வெட்டுறது, வேரை அளவா வைக்கிறது, கம்பி கட்டி திருப்புறது, இது மூணாலதான் அது சின்னதா நிக்குது.

இவ்ளோ சூட்டுல இதெல்லாம் வருமா, குளிர் தேசத்து பொழுதுபோக்கு இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பேசுவேன். ஜப்பான்ல ஓமியான்னு ஒரு இடம் இருக்கு, 1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் தோக்கியோவுல இருந்த போன்சாய் நர்சரிக்காரங்க அங்க குடிபோயி 1925ல ஒரு கிராமமாவே ஆக்கிட்டாங்க. அங்க குளிர்காலத்துல மரம் தூங்கிடும், மாசக்கணக்குல ஒரு துளிர் வராது, அதனால அவங்க வேலை எல்லாமே வசந்த காலம் எப்போ வரும்னு பாத்து நடக்கும். நமக்கு அந்தத் தூக்கமே கிடையாது. தண்ணியும் சத்தும் சரியா இருந்தா நம்ம ஆலும் அதே குடும்பத்து இச்சியும் வருஷம் பூரா துளிர்க்கும், ஒரு கிளையை வெட்டுனா மூணு நாலு வாரத்துல புதுக் கொழுந்து வந்துடும். அதனால வெயில் நமக்கு எதிரி இல்லை, நம்மகிட்ட இருக்குற பெரிய வசதியே அதுதான். தப்பு எங்க நடக்குதுன்னா, குளிர் நாட்டுக்காரங்க போடுற வீடியோவைப் பாத்து அவங்க மரத்தையும் அவங்க மாசக் கணக்கையும் அப்படியே இங்க கொண்டு வர்றோம்ல, அங்கதான்.

அப்போ எந்த மரத்துல ஆரம்பிக்கலாம்?

கண்ணை மூடிட்டு கல் இச்சி. நர்சரியில ஃபைகஸ் மைக்ரோகார்பான்னு கேளுங்க, சாலையோரத்துல வேலி மாதிரி வெட்டி வச்சிருப்பாங்களே அதேதான். இலை சின்னது, எங்க வெட்டுனாலும் துளிர்க்கும், வேர் அழகா மேல தெரியும், நீங்க ரெண்டு நாள் மறந்தாக்கூட மன்னிக்கும். முதல் மரம் சாகாம இருக்கணும், அதுதான் முக்கியம், ஏன்னா முதல் மரம் செத்துட்டா பாதிப் பேர் அதோட விட்டுடுறாங்க.

ரெண்டாவது காகிதப்பூ. பழைய வீடு இடிக்கிற இடத்துல தொடை மொத்தத்துக்கு அடிமரம் கிடைக்கும், கிளையை வெட்டிப் போத்தா நட்டாலே வேர் பிடிக்கும், வெயில் எவ்ளோ கொடுத்தாலும் தாங்கும். ஆனா தொட்டி மாத்தும்போது ஜாக்கிரதை, அதோட சல்லி வேர் ரொம்ப மென்மை, முரட்டுத்தனமா மண்ணை உதறுனா அப்படியே வாடிடும். பூ வேணும்னா பூக்குற சமயத்துல தண்ணியைக் கொஞ்சம் குறைக்கணும்.

புளி எனக்கு ரொம்பப் பிடிச்சது. பட்டை சீக்கிரமே கிழவன் மாதிரி வெடிச்சிடும், இலை ஏற்கனவே பொடிசு, சாயங்காலம் இலை மடங்கித் தூங்குறதை தினமும் பாக்கலாம். விதையை ஒரு ராத்திரி ஊற வச்சு போட்டா முளைக்கும், ஆனா விதையில இருந்து மரம்னு சொல்ற மாதிரி ஆக பத்து வருஷம் வேணும், பொறுமை இருந்தா பண்ணுங்க. கொடுக்காப்புளி, பிராய், இலந்தை, சவுக்கு, வேம்பு இதெல்லாமும் வரும். வேப்பமரத்துக்கு இலை நீளம், அதனால குட்டியா பண்ணாதீங்க, ரெண்டரை மூணு அடி உயரம் கொடுத்தா மரம் மாதிரி தெரியும். ஆலுக்கும் அரசுக்கும் அதே கதைதான், இலை பெருசு, மரமும் கொஞ்சம் பெருசா இருந்தாத்தான் பொருந்தும்.

அடி உருண்டையா பருத்து இருக்குற அடீனியத்தை போன்சாய்னு விக்கிறாங்க. அழகான செடிதான், நானும் நாலு வச்சிருக்கேன், ஆனா கிளை பிரிச்சு இலை அடுக்கு கட்டுற வேலையை அது கத்துக்கொடுக்காது. ஜேட்னு விக்கிறதுல போர்ச்சுலகேரியா ஆஃப்ரான்னு இருக்குற சின்ன இலைச் செடி நல்லா வரும், தண்ணி மட்டும் அளவா ஊத்துங்க.

ஜூனிப்பர், மேப்பிள், பைன் மாதிரி குளிர் நாட்டு மரமெல்லாம் வாங்கலாமா?

சமவெளியில வேண்டாம். இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல ஆன்லைன்ல ஒரு கடையில ஜூனிப்பர் வாங்குனேன், எந்த ஊருக்கும் ஒத்துவரும்னு போட்டிருந்தாங்க, கார்த்திகையில வந்துச்சு, மாசி வரைக்கும் பச்சையாவே இருந்துச்சு, பங்குனியில உள்பக்கம் காய ஆரம்பிச்சு சித்திரை முடியுறதுக்குள்ள வெறும் குச்சி. ஜூனிப்பர் செத்த பின்னாடியும் பல வாரம் பச்சையா தெரியும், அதனால நாம நல்லா இருக்குன்னு நினைச்சு தண்ணி ஊத்திட்டே இருப்போம். மேப்பிளுக்கும் பைனுக்கும் நிஜமான குளிர்காலம் வேணும், தை மாசத்துல கூட மதுரையில அந்தக் குளிர் வர்றதில்லை. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்குறவங்க முயற்சி பண்ணலாம். பைன் மாதிரி தோற்றம்தான் வேணும்னா சவுக்கு எடுத்துக்கோங்க, நல்லா வளர்ந்த சவுக்கு போன்சாயைத் தூரத்துல பாத்தா பைன்னுதான் நினைப்பீங்க.

சுவத்துல முளைச்ச அரசு, ஆல் எடுத்து வளர்க்கலாமா?

வளர்க்கலாம், என்கிட்ட இருக்குற நல்ல மரங்கள்ல பாதி அப்படி வந்ததுதான். மைனா, குயில் எல்லாம் பழத்தைத் தின்னுட்டு எச்சம் போடும், பாராபெட் சுவர் விரிசல், தண்ணி டேங்க் அடி, பழைய கிணத்து உள்சுவர், பாலத்துக்கு அடியில எல்லாம் முளைச்சிடும். மண்ணே இல்லாம சுண்ணாம்புக் காரையில பல வருஷம் கிடந்து வளர்ந்திருக்கும், அதனால அடி முறுக்கிப் போயி, வேர் சுவத்தோட வடிவத்துல தட்டையா ஓடி, நாம கம்பி கட்டி இருபது வருஷம் உழைச்சாலும் வராத ஒரு வடிவம் தானா வந்திருக்கும். அந்தச் செடியை எப்படியும் வீட்டுக்காரங்க வெட்டிப் போட்டு ஆசிட் ஊத்தத்தான் போறாங்க. அரச மரத்தை வெட்டக் கூடாதுன்னு மனசு சங்கடப்படுறவங்களும் நிறைய, நான் தொட்டியில வச்சு வளர்க்குறேன்னு சொன்னா சந்தோஷமா குடுத்துடுவாங்க.

எடுக்குற முறை: பிடிச்சு இழுக்கவே கூடாது. சுத்தியில இருக்குற பூச்சை உளியால மெதுவா தட்டி எடுத்து, எவ்ளோ வேர் வருதோ அவ்ளோ எடுங்க, உள்ள போற தடிச்ச வேரை ரம்பத்தால அறுத்துடுங்க. வேர் ரொம்பக் கம்மியா வந்தாலும் பயப்படாதீங்க, இந்தக் குடும்பத்து மரங்கள் வெறும் கட்டையில இருந்தே வேர் விடும். இலையை எல்லாம் கிள்ளிட்டு, கிளையைக் குட்டையாக்கி, ஜல்லி அதிகமா இருக்குற கலவையில ஆடாம கட்டி வச்சு, மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைக் கவுத்து நிழல்ல வச்சுடுங்க. மூணுல இருந்து ஆறு வாரத்துல மொட்டு தெரியும். அதுவரை தூக்கித் தூக்கி வேர் பாக்காதீங்க. நகத்தால பட்டையை லேசா சுரண்டிப் பாத்தா பச்சையா இருந்துச்சுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம், அது போதும்.

வெட்டுனா பால் வடியும், கண்ணுல படக் கூடாது, தோல் அரிப்பு இருக்குறவங்க கையுறை போட்டுக்கோங்க. அடுத்தவங்க சுவர்னா கேட்டுட்டு எடுங்க. கோயில் மதில்ல, பழங்காலக் கட்டடத்துல முளைச்சதுல கையே வைக்காதீங்க, நீங்க பெயர்க்கிற ஒரு கல்லு அந்தச் செடியை விடப் பல நூறு வருஷம் மூத்தது.

ரெண்டு வருஷமா போன்சாய் தொட்டியில வச்சிருக்கேன், அடிமரம் குண்டாகவே மாட்டேங்குது?

ஆகாது. தட்டையான தொட்டிங்குறது மரம் முடிஞ்ச பின்னாடி போய் உக்காருற இடம், வளர்ற இடம் இல்லை. எல்லாரும் முதல்ல அழகான தொட்டி வாங்கிட்டு அதுல பென்சில் மாதிரி ஒரு செடியை வைக்கிறாங்க, அது பத்து வருஷம் கழிச்சும் பென்சில்தான். முதல்ல தரையில நடுங்க, தரை இல்லைன்னா காய்கறி வர்ற பிளாஸ்டிக் கிரேட், சிமெண்ட் தொட்டி எதுவா இருந்தாலும் சரி. நடும்போது வேருக்கு அடியில ஒரு தட்டை ஓடு வச்சுடுங்க, ஆணி வேர் கீழ போகாம எல்லாம் பக்கவாட்டுல விரியும், பின்னாடி அந்த வேர்தான் மரத்தோட கம்பீரமே. அடியில இருந்து ஒரு கிளையை மட்டும் வெட்டாம அஞ்சாறு அடி ஓட விடுங்க, அது எவ்ளோ இலை போடுதோ அவ்ளோ அடிமரம் பெருக்கும், போதும்னு தோணும்போது அந்தக் கிளையை அறுத்துடலாம். ஒரே ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, வெட்டிட்டே இருந்தா மரம் பெருக்காது.

என்ன மண்?

தோட்ட மண்ணும் செம்மண்ணும் மட்டும் போட்டா ஆழமில்லாத தொட்டியில சேறாயிடும், காய்ஞ்சா செங்கல் மாதிரி இறுகிடும். ஜப்பான்ல அகடாமான்னு ஒரு களிமண் உருண்டை போடுவாங்க, இங்க வரவழைச்சா விலை கட்டாது, தேவையும் இல்லை. நம்ம செங்கல் சூளையில உடைஞ்ச கல்லு, பழைய நாட்டு ஓடு, இதை உடைச்சு சலிச்சு ரெண்டுல இருந்து அஞ்சு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்குற துண்டை மட்டும் எடுத்துக்கோங்க, தூளைத் தண்ணியில நல்லா அலசித் தள்ளிடுங்க, அந்தத் தூள்தான் ஓட்டையை அடைக்கும். நான் போடுறது மூணு பங்கு செங்கல் துண்டு, ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கின இலை எரு. காகிதப்பூவுக்கும் அடீனியத்துக்கும் எரு பாதி போதும். தேங்காய் நார்த்தூள் சேர்த்தா தண்ணி நிக்கும், வெயில் காலத்துக்கு நல்லது, ஆனா ஐப்பசி மழையில அதுவே வேரை அழுக வச்சிடும், அதனால ரொம்பக் கம்மியா. கடல் மணல் போடவே போடாதீங்க.

தண்ணி எத்தனை வேளை?

எத்தனை வேளைன்னு கேக்குறதை விட்டுட்டு விரலை ஒரு அங்குலம் உள்ள விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. என் மாடியில சித்திரை வைகாசியில காலையும் சாயங்காலமும் ரெண்டு வேளை, சின்னத் தொட்டிக்கு மூணு வேளைகூட ஆகும், மார்கழியில ஒரு வேளை. ஊத்துனா அடி ஓட்டை வழியா வெளிய வர்ற வரைக்கும் ஊத்தணும், மேல தெளிச்சா வேருக்குப் போய்ச் சேராது. மத்தியானம் பைப்பைத் திறந்ததும் நேரா செடிக்குப் பிடிக்காதீங்க, வெயில்ல கிடந்த ஹோஸுல இருக்குற தண்ணி கை சுடும், அதை வெளிய விட்டுட்டு அப்புறம் பிடிங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா தொட்டி விளிம்புலயும் அடிமரத்துலயும் வெள்ளையா படியும், இலை ஓரம் கருகும். அப்படி இருந்தா மாசம் ஒருக்கா கார்ப்பரேஷன் தண்ணியோ மழைத் தண்ணியோ நிறைய ஊத்தி உப்பை அலசி விடணும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு நிறைய பேர் செடிக்கு ஊத்துறாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா அதுல உப்பு இன்னும் அதிகம், போன்சாய்க்கு வேண்டாம்.

மொட்டை மாடித் தரை கொதிக்குதே?

இலைக்கு வெயில் வேணும், வேருக்குச் சூடு கூடாது, மொத்த விஷயமும் இதுதான். தொட்டியைத் தரையில வைக்காதீங்க, ரெண்டு ஹாலோ பிளாக் மேல பலகை போட்டு அதுக்கு மேல வைங்க, அடியில காத்து போகணும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டியைச் சுத்தி சாக்கு கட்டுங்க. பங்குனியில இருந்து ஆனி வரைக்கும் 50 சதவீத நிழல் வலை போடுறது நல்லது, காகிதப்பூவுக்கும் அடீனியத்துக்கும் அது தேவையில்லை. சின்னத் தொட்டியைப் பெரிய தட்டுல ஈர மணல் பரப்பி அதுமேல வச்சா சூடு நல்லாவே குறையும்.

ஆபீஸ் டேபிள்ல, ஹால்ல வைக்கலாமா?

விருந்தாளி வர்ற அன்னைக்கு கொண்டு வந்து வைங்க, ரெண்டு நாள்ல திரும்ப வெளிய கொண்டு போயிடுங்க. இது மரம், ஏசி ரூம்ல வெளிச்சமும் இல்லாம ஈரமும் இல்லாம இலையைக் கொட்டிடும். கிஃப்ட்டா கொடுப்பாங்களே, அடியில கிழங்கு மாதிரி உருண்டையா வேர் இருக்குறது, அதுவும் கல் இச்சிதான், கிழங்கு மேல வேற ரகத்தோட கிளையை ஒட்டுக் கட்டியிருப்பாங்க. அதுல மேல கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தா முதல் வேலையா அதைப் பெயர்த்து எடுங்க, தண்ணி உள்ளயே போகாது.

தொட்டி மாத்துறது எப்போ?

அக்னி நட்சத்திரத்துல எதுவுமே செய்யாதீங்க. அடை மழையிலயும் வேண்டாம், வெட்டுன வேர் அழுகும். எங்க பக்கம் மாசி ஒரு நல்ல காலம், ஆடி கடைசியில இருந்து ஆவணி முடியுற வரைக்கும் இன்னொரு நல்ல காலம். குளிர் நாட்டுல இலை வர்றதுக்கு முன்னாடி மாத்தணும்பாங்க, நம்ம இச்சியும் ஆலும் அதுக்கு நேர் எதிர், நல்ல சூட்டுல ஓடி வளர்ற சமயத்துல மாத்துனாத்தான் சீக்கிரம் தேறும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போதும், வேர்ல மூணுல ஒரு பங்கு வெட்டலாம், மாத்துன பின்னாடி ரெண்டு மூணு வாரம் நிழல், புது இலை வர்ற வரைக்கும் உரம் கிடையாது.

கம்பி எவ்ளோ நாள் கட்டி வைக்கணும்?

அலுமினியக் கம்பி வாங்குங்க, கிளையோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு தடிமன், 45 டிகிரி சாய்வுல சுத்தணும். வெளிநாட்டு வீடியோவுல ஆறு மாசம், ஒரு வருஷம்னு சொல்வாங்க, இங்க அதைக் கேட்டா கம்பி மரத்துக்குள்ள புதைஞ்சிடும். இச்சிக்கு மழைக்காலத்துல நாலு வாரத்துலயே அழுத்த ஆரம்பிக்கும், அதனால வாரம் ஒருக்கா பாருங்க, அழுத்துச்சுன்னா சுத்தி உருவாம துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டு, தேவைன்னா வேற தடத்துல திரும்பக் கட்டுங்க. ஒரு மரத்துல ஆறு வருஷத்துக்கு முன்னாடி விழுந்த தழும்பு எனக்கு இன்னும் தெரியுது.

இலை ரொம்பப் பெருசா இருக்கு, சின்னதாக்க முடியுமா?

முதல்ல நல்ல வெயில் கொடுங்க, பாதி குறையும். அதுக்கப்புறமும் வேணும்னா இச்சி, ஆல் மாதிரி மரத்துல வருஷம் ஒருக்கா காம்பை விட்டுட்டு இலையை மட்டும் கத்தரிச்சு எடுக்கலாம், அடுத்து வர்றது சின்னதா வரும். ஆரோக்கியமா ஓடிட்டு இருக்குற மரத்துல மட்டும்தான், வாடிப் போனதுல செஞ்சா செத்துடும். பூவும் காயும் சின்னதாகாது, அதனால பழ மரம் வைக்கணும்னா இயற்கையிலயே காய் சின்னதா இருக்குற ரகமா பாருங்க.

ஆல மரத்துக்கு விழுது வரவே இல்லை?

காத்துல ஈரம் இருந்தாத்தான் வரும், அதனால ஐப்பசி கார்த்திகை வரைக்கும் காத்திருங்க. நூல் மாதிரி ஒண்ணு எட்டிப் பாத்ததும் ஒரு ஸ்ட்ராவை நீளவாக்குல கீறி, உள்ள ஈரப் பாசி வச்சு, அந்த நூலை அதுக்குள்ள விட்டு மண்ணு வரைக்கும் இறக்கிடுங்க. மண்ணைத் தொட்ட பின்னாடி கடகடன்னு தடிக்கும், நாலஞ்சு மாசத்துல ஸ்ட்ராவை எடுத்துடலாம்.

பூச்சி, உரம்?

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணியில அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு, சாயங்காலம் அடிங்க. இச்சியில இலை மடிஞ்சு உள்ள கருப்பா பொடிப்பொடியா ஓடுறது இலைப்பேன், மடிஞ்ச இலையைக் கிள்ளி எரிச்சிடுங்க. உரத்துக்கு கடலைப் புண்ணாக்கு ஊற வச்ச தண்ணியை பத்து மடங்கு நல்ல தண்ணியில கலந்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

மரத்தைக் குறுக்குறது பாவம் இல்லையா? வீட்டுக்கு ஆகாதுன்னு வேற சொல்றாங்களே?

பட்டினி போட்டுக் குறுக்குறோம்னு நினைக்கிறாங்க, அப்படிப் போட்டா மரம் குறுகாது, செத்துத்தான் போகும். தினமும் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாத்து வளர்க்குற மரத்துக்கு, ரோட்டோர மரத்துக்குக் கிடைக்காத கவனிப்பு கிடைக்குது. ஹிரோஷிமாவுல யமாகி குடும்பம் தலைமுறை தலைமுறையா வளர்த்த ஒரு வெள்ளைப் பைன் 1625ல இருந்து தொட்டியில இருக்கு, 1945ல அணுகுண்டு போட்டப்போ அவங்க வீட்டுச் சுவர் மறைவுல நின்னு பிழைச்சு, 1976ல அமெரிக்காவுக்குப் பரிசா போயி, இன்னைக்கும் வாஷிங்டன்ல பச்சையா நிக்குது. சித்திரவதை பண்ற செடி இவ்ளோ காலம் வாழுமா? வாஸ்து விஷயத்துல உங்க வீட்டுப் பெரியவங்க மனசு சங்கடப்படுதுன்னா சண்டை போடாதீங்க, மாடியில வைங்க, எப்படியும் அதுக்கு அங்கதான் வெயில் இருக்கு. பெரியவங்களைக் கூட்டிட்டு மைசூர் போனா, கணபதி சச்சிதானந்த ஆசிரமத்துக்குள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் இருக்கு, ஆசிரமத்துக்குள்ளயே இவ்ளோ வளர்க்குறாங்கன்னு பாத்த பின்னாடி எங்க அம்மா என்னை ஒண்ணுமே சொல்றதில்லை.

பத்து நாள் ஊருக்குப் போனா?

பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போறதுதான் நல்லது, ஆனா என்கூட ரெண்டு நாள் நின்னு ஊத்தச் சொல்லி காட்டிட்டுத்தான் போவேன், ஏன்னா பழக்கமில்லாதவங்க மேலாப்புல நனைச்சுட்டு போயிடுவாங்க. ஆள் இல்லைன்னா எல்லாத் தொட்டியையும் நிழல்ல ஒண்ணா நெருக்கி, பெரிய டப்புல ஈர மணலைப் போட்டு தொட்டியை விளிம்பு வரைக்கும் புதைச்சிட்டுப் போங்க, மார்கழியில ஒரு வாரம் தாங்கும். சித்திரையில தாங்காது, டைமர் வச்ச சொட்டு நீர் போட்டே ஆகணும்.

புயல் மழையில என்ன பண்றது?

காத்து அடிக்கும்னு சொன்னதுமே பெஞ்ச் மேல இருக்குறதை எல்லாம் இறக்கி பாராபெட் சுவர் ஓரமா தரையில வைங்க. ரெண்டு நாளுக்கு மேல மழை விடலைன்னா ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பக்கம் அரைச் செங்கல் கொடுத்துச் சாய்ச்சு வைங்க, தேங்குற தண்ணி ஒரு மூலையில இருக்குற ஓட்டை வழியா முழுசா வடிஞ்சிடும். அடியில வச்ச தட்டை எடுத்துடுங்க, இல்லைன்னா வேரும் அழுகும் கொசுவும் வரும். வெயில் அடிச்ச அன்னைக்கு செங்கல்லை எடுத்துட்டு, ஓட்டையில வேரோ மண்ணோ அடைச்சிருக்கான்னு ஒரு குச்சியால குத்திப் பாத்துட்டு, திரும்ப பெஞ்ச்ல ஏத்துங்க.